ஓசைக்கும் கணக்கு உண்டு

பால் நிறுக்கும் கொட்டகையில் நம் பெரியவர்கள் ஒரு பாடம் படித்தார்கள். வாளியில் எத்தனை ராத்தல், மெட்ரோலாக் எந்தக் கோட்டில் நின்றது, உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கேட்கத் தெரியாத வரையில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார்கள். கேட்கத் தெரிந்த பிறகு நிலைமை மாறிற்று. மரமும் அதேதான், பாலும் அதேதான். கணக்குக் கேட்கும் வாய் மட்டும் புதிதாக முளைத்தது. சங்கம் என்பதே அந்த வாய்தான்.

அந்த வாய் இன்னும் சரியாகத் திறக்காத ஒரு விஷயத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அது ஆலைக்குள் எழும் இரைச்சல்.

கட்டிப்பாலைக் கிழிக்கும் யந்திரமும், கிரேப் உருளையும், உலர்த்தியின் காற்றாடியும் ஒரே கூரையின்கீழ் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் எண்ணெய் ஆலையின் நீராவி சீறுகிறது. “யந்திரம் என்றால் இரையத்தான் செய்யும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?” என்று நிர்வாகம் சொல்கிறது. வருத்தம் என்னவென்றால், நம் தோழர்களில் பலரும் அதையே சொல்கிறார்கள். மழை பெய்தால் நனைய வேண்டும் என்பதுபோல இதையும் விதி என்று ஏற்றுக்கொண்டோம்.

இது விதியன்று என்பதே நம் கட்சி. ஒரு கட்டடத்தின் நீளம், அகலம், உயரம், அதன் சுவரும் கூரையும் எதனால் ஆனவை, உள்ளே என்ன யந்திரம் ஓடும் என்று சொல்லிவிட்டால், அங்கே எவ்வளவு இரைச்சல் இருக்கும் என்பதை அஸ்திவாரம் தோண்டு முன்னரே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட முடிந்ததைக் கணக்கிடாமல் கட்டிவிட்டு, பிறகு தொழிலாளியின் காதில் ஒரு அடைப்பானைச் செருகுவது நியாயமாகாது.

காது போனால் வராது

தொழிலினால் காது கெடும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் சம்மட்டிச் சத்தத்தால் செவிடாவதைக் குறித்து வைத்தார். 1886-ல் கிளாஸ்கோ நகரத்தில் தாமஸ் பார் என்ற காது வைத்தியர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. அந்தத் தொழிலில் ஒருவர் கொதிகலனுக்குள்ளேயே புகுந்து, வெளியிலிருந்து அறையும் ஆணியை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். நான்கு புறமும் இரும்பு. எழுந்த சத்தம் போக வழியில்லாமல் அவர் தலையைச் சுற்றியே புரளும். அடைத்த இடத்தில் ஓசை எப்படிக் கொல்லும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நம் உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் உண்டு. ஒரு காதுக்குச் சுமார் 15,000. மனிதனுக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பால்மரப் பட்டைக்கு வெட்டிய காயம் ஆறிப் புதுப்பட்டை வரும், காதுக்கு வராது. கெடுதல் முதலில் கீச்சென்ற மேல் சுரங்களில்தான் தொடங்குகிறது. ஆகவே ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. “அப்பா வரவர எரிந்து விழுகிறார்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்பாவுக்குப் பாதிச் சொற்கள் போய்ச் சேரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. வலியில்லை, இரத்தமில்லை, ஆகவே கிளைக் கூட்டத்தில் புகாருமில்லை.

மரத்தடியில் ஒன்று, கூரையடியில் ஒன்று

விடியற்காலையில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கூப்பிடுகிறோம். குரல் இலைக்குள் போய் மறைந்துவிடுகிறது. அதே குரலை ஆட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஆலைக்குள் எழுப்பிப் பாருங்கள். கூரையில் மோதி, சுவரில் மோதி, தரையில் மோதி, நாம் வாயை மூடிய பின்னும் பேசிக்கொண்டிருக்கும். புல் வெட்டும் யந்திரத்தின் ஓசை வெளியில் பாய்ந்து போய்விடும்; தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். கூரையின்கீழ் ஓடும் யந்திரத்தின் ஓசை திரும்பித் திரும்பி வந்து, புதிதாகப் பிறக்கும் ஓசையோடு கூடிக்கொள்ளும். அதாவது ஆலையில் நிற்பவர் யந்திரத்தின் சத்தத்தோடு கட்டடத்தின் சத்தத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

கட்டடத்தின் பங்கு எவ்வளவு என்று முதன்முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் வாலஸ் கிளெமென்ட் சபைன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் பௌதிக ஆசிரியராக இருந்தவர். அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் எழுந்தால் ஐந்தரை விநாடி அறைக்குள் சுற்றிற்று; அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மேலே விழுந்தன. இதைச் சரிப்படுத்தும்படி 1895-ல் சபைனைக் கேட்டார்கள். அவர் கையில் எடுத்தவை மூன்றே பொருள்கள்: ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக் கடிகாரம், பக்கத்து நாடகக் கொட்டகையின் ஆசன மெத்தைகள். ஊர் அடங்கிய இரவுகளில் மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, குழலை ஊதி நிறுத்தி, ஓசை அடங்க எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொண்டார். மெத்தை கூடக் கூட ஓசை சீக்கிரம் அடங்கியது. 1898-ல் கணக்கு கைக்குக் கிடைத்தது.

அது நம் கிராணிமார் செக்ரோலின் ஓரத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு. அறையின் கன அளவை, கன மீட்டரில், 0.161 ஆல் பெருக்குங்கள். அறையில் ஓசையை விழுங்கும் பரப்பால் வகுங்கள். வருவது ஓசை அடங்க ஆகும் விநாடி. அடங்குதல் என்றால், அதன் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காக இறங்குதல். விழுங்கும் பரப்பை அறிய, ஒவ்வொரு பரப்பையும் அது நூற்றுக்கு எவ்வளவு விழுங்கும் என்பதால் பெருக்கிக் கூட்ட வேண்டும். திறந்த ஜன்னல் முழுவதையும் விழுங்கும். சிமெண்டும் துத்தநாகத் தகடும் விழுங்குவது மிகச் சொற்பம்.

ஓர் ஆலையின் கணக்கு

உதாரணத்துக்கு 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். கன அளவு 2,700 கன மீட்டர். தரை 450, கூரை 450, நான்கு சுவர் 540. ஆக மொத்தம் 1,440 சதுர மீட்டர். எல்லாம் சிமெண்டும் தகடும். சராசரி நூற்றுக்கு 5 பங்கு விழுங்குவதாகக் கொண்டால், விழுங்கும் பரப்பு 72 சதுர மீட்டர். கணக்கிட்டால் 6 விநாடி வருகிறது. அந்த ஆலையில் ஓசை விநாடிக்கு ஏறக்குறைய 45 தடவை எங்காவது மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் நூறில் ஐந்துதான் சாகிறது. தொண்ணூற்றைந்து உயிரோடு திரும்புகிறது.

இப்போது கூரைக்கு அடியில் மட்டும், நூற்றுக்கு 70 பங்கு விழுங்கும் கனிமப் பஞ்சுப் பலகைகளை அடிப்போம். கூரையின் பங்கு 315, மற்றவை 49.5, ஆக மொத்தம் 364.5. ஓசை அடங்கும் காலம் 6 விநாடியிலிருந்து சுமார் 1.2 விநாடிக்கு இறங்குகிறது. சுற்றிச் சுழலும் இரைச்சல் 7 டெசிபல் குறைகிறது.

“வெறும் 7 தானா?” என்று கேட்டுவிடக் கூடாது. டெசிபல் நம் சாதாரணக் கணக்கன்று. 3 ஏறினால் ஓசையின் சக்தி இரட்டிப்பாகும்; 10 ஏறினால் பத்து மடங்கு. 88 டெசிபல் தரும் யந்திரத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வைத்தால் 91 தான் ஆகும். ஆகவே 7 குறைந்தது என்றால் சக்தி ஐந்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். 92 டெசிபலில் நிற்பவர் 85-க்கு வந்துவிட்டார். யந்திரத்தில் ஓர் ஆணியைக்கூட நாம் தொடவில்லை.

கணக்கு நம் பக்கமிருப்பதால் அதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த 7 டெசிபல் யந்திரத்திலிருந்து விலகி நிற்பவருக்குத்தான். நாம் சொன்ன ஆலையில் யந்திரத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நின்று கட்டிப்பாலை ஊட்டுபவருக்கு நேராக வரும் ஓசையே பெரிது. கூரைப் பஞ்சால் அவருக்கு 2 டெசிபலும் தேறாது. அவருக்கு வேண்டியது யந்திரத்தைச் சுற்றி ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கும் கணக்கு உண்டு. அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்குமேல் அது தடுக்காது. உட்புறம் பஞ்சு வைக்காத பெட்டிக்குள் ஓசை பெருகும். இவற்றைத் தெரியாமல் தகரத்தை வளைத்து மூடிவிட்டு, “பெட்டி போட்டோம், பலனில்லை” என்று சொல்வது பெட்டியின் குற்றமாகாது.

சபைனின் கணக்கு எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்திவிடாது என்பதும் உண்மை. ஓசையை மிகுதியாக விழுங்கும் அறைக்கு 1930-ல் கார்ல் எய்ரிங் அதைத் திருத்தினார். தாழ்ந்து நீண்ட ஆலைகளுக்கும், நடுவே பெரிய யந்திரங்கள் மறைக்கும் ஆலைகளுக்கும் வேறு வழி வேண்டியிருந்தது. 1968-ல் நார்வே தேசத்து மூவர், ஓசையை ஆயிரக்கணக்கான கதிர்களாகப் பாவித்து, ஒவ்வொன்றும் எங்கே மோதி எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரைக் கொண்டு பின்தொடரும் முறையை வெளியிட்டார்கள். அன்று பெரிய யந்திரம் செய்த வேலையை இன்று மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் செய்கிறது. இந்த மூலையில் இத்தனை டெசிபல், அந்த வாசலில் இத்தனை என்று படமாகவே காட்டுகிறது. யந்திரத்தை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும், நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதைக் கட்டாமலேயே பார்க்கலாம்.

கிராணியார் அறை

இது ஆலைக்குள் நிற்பவரின் பாடு மட்டும் என்று கிராணிமார் எண்ண வேண்டாம். மின்சார எஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆபீஸ் இருக்கும் தோட்டங்கள் உண்டு. நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் விநாடிக்கு 50 தடவை வெடிக்கிறது. எதிரெதிர்ச் சுவர்கள் 3.4 மீட்டர் இடைவெளியில் உள்ள அறை, விநாடிக்கு 50 அதிர்வுள்ள ஓசைக்கு வீணைக்குடம் போல இசைந்து கொடுக்கும். ஓசை விநாடிக்கு 340 மீட்டர் ஓடுவதால் வரும் கணக்கு இது. அந்த அறையில் சுவரோரம் மேசை போட்டு உட்கார்ந்தவருக்கு நாளெல்லாம் ‘உம்’ என்று தலை கனக்கும். எழுந்து நடுவில் வந்து நின்றால் அது தணியும். அவர் தலைவலிக்கு மாத்திரை விழுங்குகிறார். மேசையை நகர்த்தச் சொல்ல ஆளில்லை. இத்தகைய தாழ்ந்த ஓசைக்கு மெல்லிய பஞ்சை ஒட்டிப் பயனில்லை. எஞ்சினுக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் கட்டைகள், புகைக்குழாய்க்கு நல்ல சத்தந்தாங்கி, அறையின் அளவில் மாற்றம் என்று வேறு வழி தேட வேண்டும். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்வதும் அதே கணக்குத்தான்.

அடைப்பான் போதுமா?

“எல்லோருக்கும் காது அடைப்பான் கொடுத்துவிட்டோம்” என்பது நிர்வாகத்தின் வழக்கமான பதில். அடைப்பான் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது கடைசி வேலி. முதல் வேலி அன்று. 20 டெசிபல் தடுக்கும் நல்ல அடைப்பானையே எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் வேர்வை தாளாமலோ பேச வேண்டியோ அரைமணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால், அந்த நாளுக்கு அது தந்த காப்பு 20 அன்று, ஏறக்குறைய 11 தான். இந்தப் புழுக்கத்தில், கொதிகலன் பக்கத்தில், எட்டு மணி நேரமும் கழற்றாமல் இருக்கச் சொல்பவர்கள் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். அடைப்பான் போட்டவருக்கு, “கையை எடு!” என்ற கூச்சலும் கேட்பது சந்தேகம். கூரைப் பஞ்சு யாரும் கழற்றி வைக்க முடியாத காப்பு.

“பஞ்சு நனைந்துவிடும், தீப்பிடிக்கும்” என்பது அடுத்த பதில். கனிமப் பஞ்சு எரியாது. மெல்லிய பிளாஸ்டிக் உறையிட்டு, துளையிட்ட தகட்டுக்குள் வைத்தால் ஈரமும் அண்டாது. “செலவு அதிகம்” என்பது மூன்றாவது. காகிதத்தில் சுவரை நகர்த்த ஒரு பென்சில் போதும். கட்டிய சுவரை நகர்த்தத்தான் பணம் வேண்டும். ஆகவேதான் கணக்கு முதலில் வர வேண்டும் என்கிறோம்.

சட்டமும் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு விதி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தது. 2019 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதார விதி அதை 85 ஆக்கியது. அதற்குமேல் 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். 88-ல் நான்கு மணி, 91-ல் இரண்டு மணி, 100-ல் கால் மணிதான். பழைய விதியில் 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். 82 டெசிபலைத் தாண்டினாலே அது மிகையான இரைச்சல் என்று புதிய விதி கூறுகிறது. தொழிற்சாலை, யந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ல் நீக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அநேகமாக எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து ஆலைக்குள் நடந்து வராது. யாராவது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நாம் கேட்பது

முதலாவது, புதிய ஆலை கட்டும்போதும், பழைய ஆலையின் கூரையை மாற்றும்போதும், புது யந்திரம் வாங்கும்போதும், ஓசைக் கணக்கு முன்னதாகவே போடப்பட வேண்டும். யந்திரம் விற்பவரிடம் விலை கேட்பதுபோல அதன் ஓசை அளவையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் நம் பிரதிநிதியின் முன் கணக்குத் தாள் வைக்கப்பட வேண்டும். கட்டி முடிந்த பின் அளந்து, கணக்குச் சொன்னதும் மானி காட்டுவதும் ஒத்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, யந்திரத்தையும் கட்டடத்தையும் திருத்துவது முதலில், அடைப்பான் பிறகு. அடைப்பானுக்காகச் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. பிடிப்பது சட்டத்துக்கே விரோதம்.

நான்காவது, 85 டெசிபலுக்கு மேல் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் காதுச் சோதனை நடத்த வேண்டும். முடிவு தொழிலாளியின் கையில் கிடைக்க வேண்டும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில் நோய்களில் ஒன்று; பெர்கேசோவில் கோரிக்கை எழுப்ப இடமுண்டு. சோதனைத் தாள் இல்லாதவரின் கோரிக்கை காற்றில் போகும்.

நம் தோழர்களும் சும்மா இருக்கலாகாது. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அங்கே அளக்க வேண்டிய இரைச்சல் இருக்கிறது என்று அறிந்து, கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். யந்திரம் ஓடாத நேரத்தில் ஒரு தடவை கைதட்டி, சத்தம் அடங்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். கிராணிமார் நீள அகலங்களை அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். குழுக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போனால் பேச்சின் தோரணையே மாறும். பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காள தேசத்துத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். இரைச்சல் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் காதுக்குள் புகுவதில்லை.

ஐந்தரை விநாடி எதிரொலித்த ஒரு மண்டபத்தில், பிள்ளைகளுக்குப் பாடம் கேட்கவில்லை என்பதற்காக ஒருவர் இரவிரவாக மெத்தை சுமந்தார். நம் ஆலைகளில் ஆறு விநாடி எதிரொலிக்கும் கூரையின்கீழ், தன் பேரப்பிள்ளையின் மழலையைப் பின்னாளில் கேட்க வேண்டிய காதுகளோடு மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்குப் போடச் சொல்லுகிறோம். பாலுக்குக் கணக்குக் கேட்ட சங்கம் ஓசைக்கும் கேட்கட்டும்.